உட்கார்ந்தே இருந்த குமாஸ்தா

மாஸ்டர் வீட்டுக்கு நான் வேலைக்குப் போன முதல் நாள், கதவைத் திறந்தது அவருடைய மகள். நாற்பது வயதுக்காரி, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், ஐந்து மணி நேரப் பயணத் தூரத்தில் குடித்தனம். வாசலில் நின்றபடியே விவரம் சொன்னாள். பக்கவாதம் வந்து ஐந்து வாரம் ஆகிறது. வலது கை வரவில்லை. வலது கால் பாதி வருகிறது. பேச்சு குழறும், ஆனால் புரியும். வலது இடுப்பில் ஒரு புண் இருக்கிறது.

இதெல்லாம் எனக்குப் பழக்கம். நாற்பத்தைந்து வயதில் நோயாளிப் பராமரிப்புப் பயிற்சி முடித்து, பத்தொன்பது வருடமாக வீடு வீடாகப் போய் ஆட்களைத் தூக்கி உட்கார வைக்கிறவள் நான். ஆனால் அவள் இன்னும் எதையோ சொல்லாமல் வைத்திருந்தாள்.

"நாய்னா பயமா சிஸ்டர்?"

"கடிக்குமா?"

"அப்பா கை காட்டினா கடிக்கும். இப்பதான் கை வரலியே."

சிரிக்கலாமா கூடாதா என்று அவளுக்கே தெரியவில்லை. நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன்.

முன்னறையில் ஒரு கட்டில், ஒரு சக்கர நாற்காலி, சுவர் முழுக்க நாய்களின் படங்கள். மனிதர் படம் ஒன்றுகூட இல்லை. நாற்காலியில் மாஸ்டர். எழுபத்தொரு வயது, ஒட்ட வெட்டிய முடி, ஒரு பக்கம் இறங்கிய வாய். மூலையில் ஒரு ஜெர்மன் ஷெப்பர்ட், மூக்கைச் சுற்றி நரைத்தது, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தது. அது என்னைப் பார்க்கவில்லை. அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

"பேரு?" என்றேன்.

"குமாஸ்தா," என்றார் மாஸ்டர். "சொன்னதைச் செய்வான். எதுக்குன்னு கேக்க மாட்டான்."

நாற்பது வருடம் நாய் பழக்குவதே அவர் தொழில். கிடங்குகளுக்குக் காவல் நாய், துறைமுகத்துக்கு மோப்ப நாய், ஆட்டுப் பண்ணைக்கு மந்தை நாய், பார்வையற்றோர் பள்ளி ஒன்றுக்கு வழிகாட்டி நாய்கள் ஆறு. வீட்டுக்குப் பின்னால் பதினோரு சிமெண்ட் கூண்டுகள் வரிசையாக இருந்தன, ஒவ்வொன்றின் மேலும் எண் எழுதி. எல்லாம் காலி. மனைவி இறந்த வருடத்தோடு அவர் புது நாய் எடுப்பதை நிறுத்திவிட்டார். குமாஸ்தா மட்டும் அந்த வருடம் வந்த குட்டி. கூண்டில் வளரவில்லை, வீட்டுக்குள் வளர்ந்தது.

வாயால் கட்டளை கொடுப்பவர்களை அவருக்குப் பிடிக்காது. அவர் பழக்கியது கையால். அதுவும் வலது கையால் மட்டும். உள்ளங்கையை முன்னால் காட்டினால் இருந்த இடத்தில் இரு. வலது தொடையில் ஒரு தட்டுத் தட்டினால் எழுந்து போகலாம். இடது கை கயிறு பிடிக்க மட்டுமே. அது எந்தக் கட்டளையும் கொடுக்கக் கூடாது. வீட்டுக்கு வருகிறவன் போகிறவன் கை ஆட்டினால் நாய் குழம்பக் கூடாதல்லவா, அதற்கு. குரைப்பதும் அப்படியே. அவர் அனுமதி இல்லாமல் குமாஸ்தா குரைத்ததே இல்லை. பக்கத்து வீட்டில் தையல் கடை வைத்திருக்கும் அம்மா என்னிடம் சொன்னாள்: "எட்டு வருஷமா சுவத்துக்கு இந்தப் பக்கம் இருக்கேன். அது ஊமைன்னே நினைச்சேன்."

விழுந்த கதையை மாஸ்டர் எனக்கு இரண்டாவது வாரம்தான் சொன்னார். இடுப்புப் புண்ணுக்கு மருந்து வைத்துக்கொண்டிருந்தபோது, எதிர்ச் சுவரைப் பார்த்தபடி.

காலை ஏழு மணி. கெட்டிலில் தண்ணீர் பிடிக்கச் சமையலறைக்குப் போயிருக்கிறார். நாய் சமையலறைக்குள் வரக் கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம். அதனால் வாசற்படியில் உள்ளங்கையைக் காட்டிவிட்டு உள்ளே போனார். குழாயைத் திறந்தார், விழுந்தார். வலது பக்கமாக, கை உடம்புக்கு அடியில். கத்திப் பார்த்தார், குரல் வரவில்லை. இடது கையை அசைத்தார். இடது கைக்கு அந்த நாயின் அகராதியில் அர்த்தமே கிடையாது.

குமாஸ்தா உட்கார்ந்திருந்தது. உடம்பு நடுங்க, வாயில் எச்சில் வழிய, உட்கார்ந்த இடத்திலேயே சிறுநீர் போய்க்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஒரு பகல், ஓர் இரவு, மறுநாள் காலை ஒன்பது வரை. இருபத்தாறு மணி நேரம்.

"நான் அதைப் பாத்துக்கிட்டே இருந்தேன் சிஸ்டர். அது என்னைப் பாத்துக்கிட்டே இருந்துச்சு. கண்ணை மூடினா செத்துடுவேன்னு ஒரு எண்ணம். அதனால மூடல."

மறுநாள் தண்ணீர் மீட்டர் பார்க்க வந்த ஆள், பூட்டிக் கிடக்கும் வீட்டில் மீட்டர் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கிறதே என்று ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்திருக்கிறார். காவலுக்கு வளர்த்த நாய் காப்பாற்றவில்லை, மூடாத குழாய் காப்பாற்றியது. ஸ்ட்ரெச்சரில் அவரைத் தூக்கிக்கொண்டு போனபோதும் குமாஸ்தா எழவில்லையாம். சாயங்காலம் மகள் வந்து, தன் தொடையைத் தட்டித் தட்டிப் பார்த்து, கடைசியில் கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுத்துத்தான் வெளியே கொண்டுவந்தாளாம். பின்கால்கள் மரத்துப் போயிருந்தன.

நான் கட்டுப் போட்டு முடித்தேன். "கோபம் வந்துச்சா அது மேல?" என்று கேட்டேன்.

"அது மேலயா? நூத்துக்கு நூறு வாங்கியிருக்கு அது. தப்பா கேள்வித்தாள் தயார் பண்ணினவன் மேலதான் கோபம்."

நான் வேலைக்குச் சேர்ந்த அந்த முதல் நாளே மகள் ஒரு முடிவோடுதான் வந்திருந்தாள். நான் கூடவே தங்கிப் பார்த்துக்கொள்வது மூன்று மாதம். அதற்குப் பிறகு அவர் தனியாக இருக்க வேண்டுமென்றால், விழுந்தால் யாருக்காவது தெரிய வேண்டும். கழுத்தில் மாட்டிக்கொள்ளும் ஒரு பட்டன் வாங்கி வந்திருந்தாள். தெரியாமல் பட்டு ஊரைக் கூட்டிவிடாதபடி மூன்று விநாடி அழுத்திப் பிடிக்க வேண்டும். பிடித்தால் அவளுடைய போனிலும் தையல்காரம்மா போனிலும் மணி அடிக்கும். இல்லையென்றால் அவள் ஊரில் ஒரு முதியோர் இல்லம் இருக்கிறது, சுத்தமான இடம். நாய்க்கு அனுமதி இல்லை.

மாஸ்டர் பட்டனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மேசையில் வைத்தார். "கழுத்துல பட்டை கட்டுறது நாய்க்கு. எனக்கு இல்ல."

"அப்ப என்னதான் பண்ணப் போறீங்கப்பா?"

"குமாஸ்தா பாத்துப்பான். நான் விழுந்தா அவன் எந்திரிச்சு வந்து குரைப்பான். பக்கத்து வீட்டுக்குக் கேக்கும். மூணு மாசம் குடு, கத்துக் கொடுக்கிறேன்."

மகள் என்னைப் பார்த்தாள். நான் அவருடைய சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தேன். குடும்ப விவகாரத்தில் தலையிட எனக்குச் சம்பளம் கிடையாது.

"சரி. மூணு மாசம் கழிச்சு வருவேன். செஞ்சு காட்டணும். இல்லன்னா என்கூட வரணும், மறுபேச்சு இருக்கக் கூடாது," என்றாள். பட்டனைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டு அன்றே பஸ் ஏறினாள்.

அந்த வீட்டில் நாள் எப்படிப் போகும் என்று சொல்கிறேன். காலையில் முதலில் குமாஸ்தாவை வெளியே அனுப்ப வேண்டும். மாஸ்டர் தன் செத்த வலது கையை இடது கையால் மணிக்கட்டில் பிடித்துத் தூக்கி, தொடைமேல் போடுவார். தொப்பென்று ஒரு சத்தம். நாய் எழுந்து போகும். அப்புறம் குளியல், உடை மாற்றுதல், வராத கையை முதலில் சட்டைக்குள் விட்டு. பிறகு நடைப் பயிற்சி, நான் அவர் இடுப்பில் கட்டிய பட்டையைப் பிடித்துக்கொண்டு பின்னால். மதியம் ரப்பர் பந்தை அமுக்கும் பயிற்சி. ஞாயிற்றுக்கிழமை மகள் போன் செய்வாள். சாப்பிட்டாச்சா, மாத்திரை போட்டாச்சா, வெச்சிடட்டுமா. நான்கு நிமிடம் தாண்டினால் பெரிது. மற்ற நாட்களில் அந்த போன் அடித்து நான் கேட்டதில்லை. நாற்பது வருடத்தில் எத்தனை முதலாளிகள் அவரிடம் நாய் வாங்கியிருப்பார்கள்! நாய்கள் செத்த பிறகு அவர்களுக்கு இங்கே என்ன வேலை.

பந்து அமுக்கும் நேரத்தில்தான் சுவரிலிருந்த நாய்களைப் பற்றிச் சொல்வார். வலிக்கு அது நல்ல மருந்து. நானும் கேள்வி கேட்டுக் கிளப்பிவிடுவேன்.

"அந்தக் கறுப்பு, காது விறைச்ச நாய்?"

"டோபர்மேன். மாப்பிள்ளைன்னு பேரு. மூளை நிறைய, முறுக்கும் நிறைய. ஒரு வார்த்தை தடிப்பா சொல்லிட்டா ரெண்டு நாள் முகம் கொடுக்காது. பக்கத்துல வெச்சுத் தாங்கினா உயிரையே கொடுக்கும்."

"இந்தத் தடியன்?"

"ராட்வைலர். பெரியப்பா. ஒரு வேலை சொன்னா, நீ யாருடா சொல்றதுக்குன்னு முதல்ல யோசிக்கும். நியாயமா தெரிஞ்சா செய்யும். ஒரு தடவை கத்துக்கிட்டா சாகிற வரைக்கும் மறக்காது."

பெல்ஜியன் மாலினுவா நாய்க்குப் பட்டாசு என்று பெயர். இரண்டே தடவையில் பாடம் படிக்கும். நாம் செய்யும் தப்பையும் அதே இரண்டு தடவையில் படித்துவிடும் என்பதுதான் சங்கடம். பார்டர் கோலிக்கு டீச்சர். எல்லா நாயையும் விட வேகமாகக் கற்றுக்கொள்ளும், ஆனால் வேலை இல்லாவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும். ஆடு இல்லாத நாளில் வீட்டிலிருப்பவர்களை வளைத்து ஒரு மூலைக்குத் தள்ளும். "என் பொண்ணு மாதிரி," என்றார். லாப்ரடாருக்குச் சம்பந்தி. யார் வந்தாலும் வரவேற்கும், தட்டில் என்ன இருக்கிறது என்று பார்க்கும், திட்டினாலும் மனதில் வைக்காது.

"தெரு நாயைப் பழக்கியிருக்கீங்களா மாஸ்டர்?"

"அது யார்கிட்டயும் வேலைக்கு வராது சிஸ்டர். சொந்தத் தொழில்."

சம்பந்தியை அவர் என்றுமே மதித்ததில்லை. சோற்றுக்கு வேலை செய்கிற நாய் என்பார். ஆனால் பார்வையற்றோர் பள்ளிக்குக் கொடுத்த ஆறும் லாப்ரடார்கள்தான். ஏனென்று கேட்டேன். பந்து அமுக்குவதை நிறுத்தினார்.

"கண்ணு தெரியாதவர் 'போ'ன்னு சொல்வாரு. முன்னால வண்டி வரும். அப்ப அந்த நாய் போகக் கூடாது. எஜமான் சொன்னாலும் கேக்கக் கூடாது. அதை இந்தச் சோத்து மூட்டைங்களுக்கு மூணு மாசத்துல கத்துக் கொடுத்தேன். நம்ம சொல்லே முடிவுன்னு அதுங்க நினைச்சதே இல்ல. அதான் சுலபமா வந்துச்சு."

"குமாஸ்தாவுக்கு?"

"குமாஸ்தாவுக்கு நான் மட்டும்தான். அதுதான் அந்த ஜாதி."

"இனிமே உக்காருன்னு சொல்லாமலே இருந்துட்டா?"

"நான் நின்னா அது உக்காரும். எட்டு வருஷம் அப்படித்தானே செஞ்சிருக்கேன்."

பயிற்சி தினமும் நடந்தது. நான் பட்டையைப் பிடித்து அவரைச் சமையலறைத் தரையில் வலது பக்கமாகப் படுக்க வைப்பேன், அடியில் ஒரு மெத்தை விரித்து. பிறகு முன்னறைக்குப் போய்விடுவேன். குமாஸ்தா வாசற்படியில் உட்கார்ந்திருக்கும். மாமிசத் துண்டு வைத்துப் பார்த்தார். அதுவரை தொட்டறியாத விசில் வைத்துப் பார்த்தார். கடைசியில் வாய்விட்டுக் கூப்பிடவும் கூப்பிட்டார், "வாடா, வாடா" என்று, குழறிக் குழறி. எனக்குக் கட்டில் விரிப்பை மாற்றுகிற வேலை இருந்தது, அதைச் செய்தேன். நாய் நடுங்கும், முனகலை விழுங்கும், ஓர் அங்குலம் நகராது. அவர் கையைத் தூக்கித் தொடையில் போட்டால்தான் வந்து அவரை மோந்து பார்க்கும். உடம்புக்கடியில் கை மாட்டிக்கொண்டால் அந்த வழியும் அடைபடும், முதல் தடவை அடைபட்ட மாதிரியே.

மூன்றாவது மாதம் அவர் கோலூன்றித் தனியாகக் கழிவறைக்குப் போனார். புண் ஆறிவிட்டது. நான் செய்ய வேண்டியது முடிந்தது. அவர் செய்ய வேண்டியது தொடங்கவே இல்லை. ஒரு நாள் பின்பக்கம் போய், பதினோரு கூண்டுகளையும் கோலால் தட்டிக்கொண்டே நடந்துவிட்டு வந்தார். "அந்த இல்லத்துல ஜன்னல் எந்தப் பக்கம் இருக்கும்?" என்று என்னிடம் கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன்.

மகள் ஒரு சனிக்கிழமை காலை வந்தாள். தையல்காரம்மாவிடம் ஜன்னலைத் திறந்து வைக்கச் சொல்லிவிட்டு, "ஆரம்பிக்கலாமாப்பா?" என்றாள். நான் அவரைப் படுக்க வைத்தேன். நாங்கள் இருவரும் முன்னறையில், கதவிடுக்கு வழியாகப் பார்த்தபடி உட்கார்ந்தோம். இருபது நிமிடம். குமாஸ்தா கல் மாதிரி இருந்தது. அவர் அதையே பார்த்துக் கிடந்தார்.

மகள் மெதுவாக என்னிடம் சொன்னாள்: "அவர் பாத்துட்டு இருக்கிற வரைக்கும் அது எந்திரிக்காது சிஸ்டர்."

"எப்படிச் சொல்றீங்க?"

"எனக்கு எட்டு வயசு. ஸ்கூல் வாசல்ல நில்லு, நான் வர்ற வரைக்கும் அசையாதேன்னு சொல்லிட்டுப் போனாரு. மழை வேற. ஒரு மணி நேரம். அவர் எங்கயும் போகல, ரோட்டுக்கு அந்தப் பக்கம் வேன்ல உக்காந்து பாத்துக்கிட்டு இருந்தாரு, நான் அசையறேனான்னு. எனக்கு வேன் தெரிஞ்சுது. அவர் பாக்கறாருன்னு தெரிஞ்சா கால் வராது. பாக்காம இருந்திருந்தா அஞ்சே நிமிஷத்துல வீட்டுக்கு ஓடியிருப்பேன்."

"அதை அவர்கிட்ட சொல்லுங்க," என்றேன்.

அவள் எழுந்து சமையலறை வாசலுக்குப் போனாள். நாய்க்குப் பக்கத்தில் நின்று, "அப்பா, சுவத்துப் பக்கம் திரும்பிக்கோங்க," என்றாள். "அதைப் பாக்காதீங்க."

தரையில் கிடந்தவர் நாயையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார். கணக்குப் போடுகிறார் என்று தெரிந்தது. இருபத்தாறு மணி நேரம் கண் மூடாமல் பார்த்துக்கொண்டே கிடந்த கணக்கு.

"அன்னிக்கு நான்தான் பிடிச்சு வெச்சிருந்தேனா?" என்றார்.

அவர் தலையைத் திருப்பி, தொட்டிக்கு அடியிலிருந்த சுவரைப் பார்த்துக் கிடந்தார். அவள் திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

பதினோரு நிமிடம். நான் கடிகாரம் பார்த்தேன், நாடி பார்த்துப் பழகிய கண். குமாஸ்தா ஒரு முன்காலைத் தூக்கியது. வைத்தது. மறுபடி தூக்கியது. பிறகு தரையில் நகம் தட்டும் சத்தம் கேட்டது, எட்டு வருடத்தில் முதல் முறையாகச் சமையலறைக்குள். அவர் பிடரியை மோந்தது. ஒரு சுற்றுச் சுற்றி, அவர் முதுகோடு முதுகு சேர்த்துப் படுத்துக்கொண்டது.

குரைக்கவில்லை. அரை மணி நேரம் காத்திருந்தோம். பக்கத்து வீட்டில் தையல் மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது.

"குரைக்கலப்பா," என்றாள் மகள்.

"தெரியும்." சுவரைப் பார்த்தபடியே சொன்னார். "இன்னும் ரெண்டு மாசம் இருந்தா அதையும் வரவெச்சிடுவேன். வேண்டாம். அது இவ்வளவு தூரம் வந்ததே போதும். மிச்ச வேலையை பேட்டரி பாக்கட்டும். அந்தப் பட்டனைக் கொண்டு வந்திருக்கியா?"

"பையிலேயேதான் இருக்கு. மூணு மாசமா."

அவரைத் தூக்கி உட்கார வைத்ததும் அவள் மண்டியிட்டு அதை அவர் கழுத்தில் மாட்டினாள். அவர் தலையைக் கொஞ்சம் தாழ்த்திக் கொடுத்தார். "இறுக்கமா இருக்கா?" என்றாள். "ரெண்டு விரல் போகணும்," என்றார் அவர். "நாய்க்கு அதான் அளவு." அவள் இரண்டு விரலை விட்டுப் பார்த்தாள். சாயங்கால பஸ்ஸுக்குப் போய்விட்டாள். திங்கட்கிழமை நானும் கிளம்பினேன்.

இரண்டு மாதம் கழித்து அந்தப் பக்கம் வேறொரு நோயாளியைப் பார்க்கப் போனபோது, ரத்த அழுத்தம் பார்க்கலாமென்று நுழைந்தேன். மாஸ்டர் கோலோடு வந்து கதவைத் திறந்தார். காலோடு ஒட்டிக்கொண்டு குமாஸ்தா. மூலையில் இப்போது அது உட்காருவதில்லையாம். சமையலறை, கழிவறை, கட்டில், எங்கே போனாலும் பின்னாலேயே வருகிறது. அவர் நாற்காலியில் உட்கார்ந்து, பழக்கத்தில் வலது கையை இடது கையால் தூக்கித் தொடையில் போட்டார். அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"கெட்டுப் போச்சு சிஸ்டர். நாப்பது வருஷத்துல நான் கெடுத்த ஒரே நாய்."

"குமாஸ்தா ராஜினாமா பண்ணிட்டாரா?"

"சம்பந்தி ஆயிட்டான்."

வீடு சுத்தமாக இருந்தது. மேசையில் ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு கரண்டி. மகள் பேசுகிறாளா என்று கேட்டேன். முன்பு போல இல்லை, நிறையப் பேசுகிறாள் என்றார். இந்த நாய் படுக்கும்போது தலையைக் கொண்டுவந்து அவர் மார்மேல் போடுகிறது, பட்டன் அமுங்கிவிடுகிறது, உடனே அவள் பதறிக்கொண்டு போன் பண்ணுகிறாள். சும்மா அமுங்கியதுதான் என்று தெரிந்ததும் திட்டுகிறாள். திட்டிவிட்டு, கூப்பிட்டதுதான் கூப்பிட்டோம் என்று அரை மணி நேரம் பேசுகிறாள். தையல்காரம்மாவும் கத்தரிக்கோலும் கையுமாக ஓடி வருகிறாள்.

"எத்தனை தடவை அமுங்குச்சு?"

"இந்த மாசம் அஞ்சு."

நான் ரத்த அழுத்தப் பட்டையை அவர் கையில் சுற்றிக் காற்றடித்தேன். நூற்று முப்பதுக்கு எண்பது. அந்தப் பட்டனை மூன்று விநாடி விரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும். எந்த ஜாதி நாய்க்கும் அது வராது. கருவியைச் சுருட்டிப் பைக்குள் வைத்தேன்.

"அடுத்த மாசமும் பாக்கிறேன் மாஸ்டர்," என்றேன். "நாயைக் கொஞ்சம் தள்ளிப் படுக்கச் சொல்லுங்க."

"சொல்றேன்," என்றார். "கேக்கத்தான் மாட்டேங்குது."